மஞ்சள் காரில் காணாமல் போன பெட்ரோல்

செந்தில், இதை எழுதுவது உன் அப்பன்தான். ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்கும்போது இந்தக் கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான், என்ன திருகுதாளம் செய்யப் போகிறான் என்று உனக்கு இந்நேரம் சந்தேகம் வந்திருக்கும். வரட்டும். சந்தேகப்படுவது நம் வீட்டு ரத்தம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை விற்கிறீர்கள். தை பிறந்ததும் நீயும் வளர்மதியும் வடலூரில் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டுக்குப் போகிறீர்கள். இரண்டுக்கும் காரணம் நான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. அதை வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கேலிதான் வருகிறது. அதனால் பேனாவை எடுத்தேன்.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. காரின் முன் கண்ணாடியில், வைப்பருக்கு அடியில் செருகி வைப்பேன். தெருவில் போகிறவன் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். தப்பை முப்பது பேருக்கு முன்னால் செய்துவிட்டு, ஒப்புக்கொள்வதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் அது என்ன நியாயம்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் உன் பெண்டாட்டி டீச்சர்தானே, சிவப்பு மையால் சுழித்து வைக்கட்டும். எத்தனை மார்க் போட்டாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கார் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? புதுச்சேரியில் யாரோ வெளிநாடு போகிறார், வண்டியை நல்ல விலைக்குத் தருகிறார் என்று சொல்லி, நீ அதை ஓட்டிக்கொண்டு நம் மந்தாரக்குப்பம் தெருவுக்குள் நுழைந்தாய். மஞ்சள் நிறம், உருண்டை வடிவம். உன் அம்மா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “இன்னாடா இது, எலுமிச்சம்பழத்துக்குச் சக்கரம் வெச்சி ஓட்டிகினு வந்துகிற? இதுக்கு அடியில வைக்க இன்னொரு எலுமிச்சம்பழம் வேற வாங்கணுமா?” என்றாள். வளர்மதி சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். நீ பானெட்டைத் திறந்து காட்டினாய். “ஐரோப்பா கம்பெனி வண்டிப்பா. சின்ன இஞ்சின்தான். ஆனா லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் குடுக்கும். பெட்ரோல் நூறு ரூபாயத் தாண்டிப் போய்கினு இருக்குது, இனிமே இந்த மாதிரி வண்டிதான் கட்டுப்படி ஆவும்” என்றாய்.

இருபது என்று நீ சொன்ன அந்த நிமிஷமே எனக்குள் மணி அடித்தது. விற்கிறவன் எவனும் குறைத்துச் சொல்லமாட்டான். விற்றவன் விமானம் ஏறப் போகிறவன், நாளைக்குப் பிடித்துக் கேட்க முடியாது. அந்தக் கம்பெனியும் நம் நாட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தால் கப்பல் ஏறித்தான் வரவேண்டும். இதெல்லாம் போதாதென்று இப்போது பெட்ரோலில் கரும்புச் சாராயத்தைக் கலக்கிறார்களாமே, அதைப் பற்றியும் டீக்கடையில் நாள் தவறாமல் ஒரு பட்டிமன்றம். “உன் மருமவ ஓட்டற வண்டி காலையிலயே தண்ணி போட்டுட்டுத்தான் கெளம்புது” என்று என்னையே ஒருவன் கேலி செய்தான். மற்றவர்களைக் கேலி செய்தே பழகியவனுக்கு அது சுருக்கென்று இருந்தது. அன்று மாலையே ஒரு பழைய டைரியை எடுத்து காரின் கிலோமீட்டரைக் குறிக்க ஆரம்பித்தேன்.

இது உன் அப்பனுக்குப் புதிய வேலை இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் நான் செய்த வேலையே அதுதான். டீசல் ஏற்றிய டேங்கர் லாரியை ஓட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவேன். அதற்கு நாங்கள் பவுசர் என்று பெயர் சொல்லுவோம். மண் ஏற்றிப் போகிற டம்பருக்கும் மண் தள்ளுகிற டோசருக்கும் டீசல் ஊற்றுவது பாதி வேலை. ஊற்றிய டீசல் எங்கே போகிறது என்று பார்ப்பது மீதி வேலை. ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொரு வண்டியின் டேங்கிலும் அளவுக் குச்சியை விட்டு எடுப்பேன், முடியும்போது மறுபடி விட்டு எடுப்பேன். குச்சியில் எந்தக் கோடு வரைக்கும் நனைந்திருக்கிறதோ அதுதான் எனக்கு வேதம். என்னைப் பார்த்தால் டம்பர் டிரைவர்கள் “டாக்டர் வந்துட்டாருடா, வாயத் தொறங்கடா” என்பார்கள். நானும் சும்மா இருப்பேனா? “உன் வண்டிக்கு வயிறு சரியில்ல, ராத்திரி யாரு வூட்டுக் கல்யாணத்துல சாப்புட்டுது?” என்பேன். இப்படிச் சிரித்துக்கொண்டே பல பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பிடித்ததில் முக்கால்வாசி நிஜத் திருட்டுதான். அந்த மீதிக் கால்வாசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய சக்கர மிஷினை உன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போய் மேட்டிலிருந்து காட்டியிருக்கிறேன். ஊரையே வாரிப் போடுகிற மிஷின். அதைப் பழுது பார்க்க அந்த நாட்டு இஞ்சினியர் ஒருவர் ஒரு தடவை வந்து சில மாதம் தங்கியிருந்தார். எதை அளந்தாலும், எண்ணெய் அளவு பார்த்தாலும், அந்த மனிதர் முதலில் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்து மிஷின் மேல் வைப்பார். நம் கொத்தனார் சுவருக்கு வைக்கிற அதே ரசமட்டம்தான், விரல் நீளத்துக்கு இருக்கும். உள்ளே இருக்கிற குமிழி நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் எதையும் தொடமாட்டார். நாங்கள் அவருக்கு ரசமட்டம் சாமி என்று பெயர் வைத்தோம். அவர் சாப்பிட உட்காரும்போது நான் அவருடைய டிபன் டப்பா மேல் ஒரு ரசமட்டத்தை வைத்துவிட்டு, “சார், குமிழி நடுவுல இல்ல, சாம்பார் கொட்டிப்பூடும்” என்று கையால் ஜாடை காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்த மனிதர் எதற்காக அப்படிச் செய்கிறார் என்று மட்டும் எங்களில் ஒருவனும் கேட்கவில்லை.

சரி, காருக்கு வருகிறேன். நீ அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வந்துவிடுகிறாய். கார் வளர்மதிக்குத்தான். தினமும் வடலூர் வழியாகக் குள்ளஞ்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவாள். போக வர ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் நானும் பெட்ரோல் பங்குக்குப் போய் டேங்கை நிரப்புவோம். பங்குக்காரர், “சார், ஜீரோ பாத்துக்குங்க” என்று சொல்வதற்கு முன்பே நான் கீழே இறங்கி மெஷினுக்கு முன்னால் நிற்பேன். பூஜ்யத்திலிருந்து எண் ஓடுகிறதா, நடுவில் நிறுத்திவிட்டுப் போடுகிறாரா, குழாயை முழுதாக வடித்துவிட்டு எடுக்கிறாரா, கண் இமைக்காமல் பார்ப்பேன். “யப்பா, நீ பாக்கறதப் பாத்தா அவரு பயந்துகினு ரெண்டு லிட்டர் சேத்து ஊத்திடுவாரு போலக்கிது” என்று நீ சிரிப்பாய். கிளம்பும்போது காரின் பெட்ரோல் முள் கடைசிக் கோட்டில் நிற்கும். அதை டைரியில் எழுதிக்கொள்வேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மாலையில் வளர்மதி காரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி முள்ளைப் பார்ப்பேன். காலையில் பார்க்கமாட்டேன், காலையில் எனக்கு டீக்கடை.

முதல் வாரமே எனக்குச் சிக்கியது. ஒரு நாள் ஓட்டத்துக்கு முள் ஒரு கோடு இறங்கவேண்டும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லா நாளும் ஒழுங்காக ஒரு கோடு. திங்கட்கிழமை மட்டும் மூன்று கோடு. அடுத்த வாரமும் திங்கட்கிழமை மூன்று கோடு. அதற்கடுத்த வாரமும் அப்படியே. கிலோமீட்டரைப் பார்த்தால் எல்லா நாளும் ஒரே ஓட்டம், சுற்றி வளைத்து எங்கேயும் போகவில்லை. அப்படியென்றால் ஓடாத பெட்ரோல் எங்கே போனது? திங்கட்கிழமைதான் வளர்மதி பள்ளிக்கூடம் முடிந்து குள்ளஞ்சாவடியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வருவாள். அங்கே அவள் தம்பி சுரேஷ் இருக்கிறான். சுரேஷிடம் ஒரு பைக் இருக்கிறது. எனக்கு வேறு என்ன வேண்டும்? டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சி கேனில் பிடிக்கிறவர்களை முப்பது வருஷம் பார்த்தவன் நான். கண்ணை மூடினால் சுரேஷின் வாயில் டியூப் இருப்பது தெரிந்தது.

ஒன்று சொல்லட்டுமா, இதைக் கேட்டால் நீயே தலையில் அடித்துக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை பங்கில் டேங்கை நிரப்பும்போது, என் டைரிக் கணக்கை விடக் குறைவாகத்தான் பெட்ரோல் பிடித்தது. யாரும் எடுக்கவில்லை என்று மெஷினே எழுதிக் காட்டியது. நீயும், “பாத்தியாப்பா, இருபது கரெக்டா குடுக்குது” என்றாய். நான் நம்பவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெண்டாட்டியின் தம்பி எடுத்தது வெளியே தெரியக்கூடாது என்று நீ சனிக்கிழமைகளில் ரகசியமாக இரண்டு மூன்று லிட்டர் வாங்கி ஊற்றி வைக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு சனிக்கிழமை உன் பைக்கின் பெட்டியைத் திறந்து கேன் இருக்கிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். மழைக்கோட்டு நாற்றம்தான் வந்தது. கேனை வேறு எங்கோ ஒளித்துவிட்டான், அப்பனை மிஞ்சின பிள்ளை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சந்தேகம் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால், அதைப் பொய் என்று சொல்ல வருகிற சாட்சியையும் அது கூட்டாளி ஆக்கிவிடுகிறது. வடலூருக்குப் போனாலும் இதை மனதில் வை. உனக்கும் இந்த ரத்தம்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தாய். வளர்மதி வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள், நம் தெருக்காரர்களும் இருந்தார்கள். பந்தி நடக்கிறது. சுரேஷ் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “இன்னா மாப்ள, டியூப எடுத்துகினு வந்தியா? இன்னிக்கு டேங்கு ஃபுல்லா இருக்குது” என்றேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கிழவன் ஏதோ வம்பு பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள். சுரேஷும் சிரித்துக்கொண்டே, “எந்த டியூபு மாமா?” என்று கேட்டான். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். “திங்கக்கிழம திங்கக்கிழம உன் பைக்கு எங்க காருகிட்ட பால் குடிக்கிதே, அந்த டியூபு” என்றேன். எழுந்துபோய் டைரியை எடுத்து வந்து, முப்பது பேர் பார்க்கத் திங்கட்கிழமைகளைப் படித்தேன். படித்து முடித்தபோது யாரும் சாப்பிடவில்லை. சுரேஷ் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தான். வளர்மதி என் முன்னால் வந்து நின்றாள். “எந்தம்பி திருடன்னு சொல்றீங்களா மாமா, இல்ல நான் திருடி குடுக்கறேன்னு சொல்றீங்களா?” என்று கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை, வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி கேட்டாள். “நான் ஒண்ணும் சொல்லல, முள்ளுதான் சொல்லுது” என்றேன். அப்போதும் கேலி.

அன்றிலிருந்து அவள் கார் சாவியைத் தொடவில்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிறாள். மழை நாளில் முழங்கால் வரைக்கும் நனைந்து வருகிறாள். நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ போடவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் காரை இருந்த இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். “வண்டிய வித்துடலாம்பா. பஸ்ஸுக்குப் பக்கமா வடலூர்ல ஒரு வூடு பாத்துருக்கோம்” என்று ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாய். உன் அம்மா அன்று என் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, இல்ல குச்சி வுட்டுப் பாத்துட்டு சொல்றீங்களா?” என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னைக் கேலி செய்து எனக்குச் சிரிப்பு வராமல் போனது அன்றுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ மதிய ஷிப்டு. மாலையில் காரை வாங்குகிறவர் வந்தார். வண்டியை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். எனக்கு இந்தச் சின்ன வண்டியை ஓட்ட வராது, பவுசர் ஓட்டின காலை இந்தப் பொம்மையின் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைக்கவே முடியாது என்று உனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் வளர்மதி சாவியை எடுத்தாள். நானும் முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன், பேப்பர் எல்லாம் எடுத்துக் கொடுக்க. ஆயுத பூஜைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். அவள் ஸ்டார்ட் செய்ததும் பழக்க தோஷத்தில் என் கண் முள்ளுக்குப் போனது. பாதிக்குக் கீழே நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் இறக்கி நிறுத்தினாள். வாங்குகிறவர் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முள் மெல்ல மேலே ஏறுகிறது. ஒரு கோடு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோடு. யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

நம் வீட்டை உயரமாகத் தூக்கிக் கட்டியபோது, வண்டி ஏறுவதற்கு வாசலில் நான்தான் நின்று ஒரு சிமெண்டு மேடு போடச் சொன்னேன். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்து கொத்தனார் சொன்னதை விட இன்னும் அரை அடி ஏற்றிச் செங்குத்தாகப் போட வைத்தேன். கார் அந்தச் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டேங்கில் இருக்கிற பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது, முள் இறங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பங்கில் சமதளத்தில் நிற்கும்போது பார்ப்பேன். அடுத்ததாகப் பார்ப்பது திங்கட்கிழமை மாலை, சரிவில். மற்ற நாள் எல்லாம் சரிவிலிருந்து சரிவுக்கு, அதனால் ஒரு கோடு. திங்கட்கிழமைப் பெட்ரோலைக் குடித்தது சுரேஷின் பைக் இல்லை, நான் போட்ட மேடு.

“வண்டிய மறுபடி மேல ஏத்து வளரு” என்றேன். “எதுக்கு மாமா? அவரு இன்னும் பாத்துகினு இருக்காரு” என்றாள். “ஏத்தேன்” என்றேன். ஏற்றினாள். முள் இறங்கியது. “எறக்கு” என்றேன். இறக்கினாள். முள் ஏறியது. வாங்குகிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பெரியவருக்கு வண்டிய வுடறதுக்கு மனசு வரல போலக்கிது” என்று சிரித்தார். வளர்மதி முள்ளைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருப்பாள் என்றுதான் சந்தேகம். பார்த்துவிட்டு, நானே சொல்கிறேனா என்று காத்திருக்கிறாளோ என்று அதற்கு மேல் ஒரு சந்தேகம். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது வேறு ஒரு ஆள்.

அவன் பெயர் ஆறுமுகம். நீ அப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். சுரங்கத்தில் மேல்மண் அள்ளுகிற ஒப்பந்தக்காரரிடம் டம்பர் ஓட்டினான், பெர்மனெண்ட் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் சேற்றில் மாட்டி, அவன் டம்பர் இறங்குகிற பாதையிலேயே சரிவாக நின்றுவிட்டது. ஷிப்டு முடிகிற நேரம். நான் போய் டேங்கில் குச்சியை விட்டேன். ஒரு சாண் குறைவாகக் காட்டியது. அவ்வளவு டீசலை அன்று அவன் ஓட்டித் தீர்த்திருக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒப்பந்தக்காரர் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். அவன் நேராக என் பவுசருக்கு வந்தான். “அண்ணே, என் மூஞ்சப் பாத்து சொல்லுங்கண்ணே, நானா எடுத்தேன்?” என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “நீ எங்கடா எடுத்த? மழக்கி குளுருதுன்னு வண்டியே குடிச்சிருக்கும்” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் திரும்பிப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து அதே டம்பரைச் சமதளத்துக்கு இழுத்து வந்தார்கள். யாரும் டீசல் ஊற்றவில்லை. குச்சியை விட்டேன். அந்த ஒரு சாண் டீசல் திரும்பி வந்திருந்தது. செந்தில், நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். குச்சியைத் துணியால் துடைத்தேன். பவுசரில் அதற்குரிய கொக்கியில் மாட்டினேன். அடுத்த வண்டிக்குப் போனேன். ஆபீசில் போய்ச் சொன்னால், அதுவரைக்கும் நான் எழுதிக் கொடுத்த எல்லா அளவையும் சந்தேகப்படுவார்களே என்று பயம். என்னை ஒருவன் சந்தேகப்படுவதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. இதை உன் அம்மாவிடம் கூடச் சொன்னதில்லை. ரசமட்டம் சாமி குமிழி நடுவில் வருகிற வரைக்கும் ஏன் காத்திருந்தார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும், இத்தனை வருஷம் கழித்து என் வீட்டு வாசலிலேயே அதே தப்பை மறுபடி செய்திருக்கிறேன். இந்தத் தடவை குச்சி இல்லை, முள்.

நேற்று, புதன்கிழமை, உடம்பு வலிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, பொய். பஸ் ஏறிக் குள்ளஞ்சாவடி போனேன். சுரேஷ் வீட்டில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். வாசல் ஓரத்தில் அவனுடைய பைக் நின்றது. இரண்டு டயரிலும் காற்று இல்லை, சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. “இது எப்பலேர்ந்து ஓடலப்பா?” என்று கேட்டேன். “அக்கா கார் வாங்கறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சி மாமா. பெட்ரோல் விக்கிற வெலக்கி ரிப்பேர் பண்ணி இன்னா பண்றதுன்னு வுட்டுட்டேன். சைக்கிள்லதான் போறேன்” என்றான். அன்று பந்தியில் இதைச் சொல்ல நான் அவனுக்கு இடமே கொடுக்கவில்லை. ஒரு தடவை இங்கே வந்து அந்த பைக்கைப் பார்த்திருந்தால் போதும், இத்தனை திங்கட்கிழமையும் மிச்சம். மேடு, முள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் உள்ளே போனான். அவ்வளவுதான், வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவான் என்று நினைத்தேன். டீ கொண்டு வந்து கொடுத்தான். “டம்ளர சமமா புடிச்சி குடிங்க மாமா. சாச்சிப் புடிச்சிட்டு, கொஞ்சமா ஊத்திட்டான்னு எழுதி வெச்சிக்கப் போறீங்க” என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கேலி செய்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கனமானது என்று அந்தப் பையனிடம் கற்றுக்கொண்டேன். கிளம்பும்போது, “இத எங்கிட்ட சொன்னா பத்தாது மாமா. அக்காகிட்ட சொல்லுங்க” என்றான்.

அதனால்தான் இதை வைப்பருக்கு அடியில் வைக்கிறேன். வளர்மதிதான் முதலில் எழுந்து வெளியே வருகிறவள், அவள் கண்ணில்தான் முதலில் படும். அம்மா வளர்மதி, இந்த இடத்தை உனக்காக எழுதுகிறேன். முள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்தான். பொங்கலுக்கு உன் வீட்டார் வரும்போது, அன்று டைரியைப் படித்த அதே இடத்தில் நின்று இந்தக் கடிதத்தையும் படிக்கிறேன். அன்று அழைக்காமலே வந்து கேட்ட தெருக்காரர்களையும் இந்தத் தடவை நானே கூப்பிடுகிறேன்.

செந்தில், வடலூருக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் தனியாக இருக்க ஆசைப்பட்டால் இருங்கள். அந்த வீட்டுக்காரர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை, தண்ணீர்த் தொட்டி அவர் சொல்கிற அளவு இருக்காது, அது வேறு விஷயம். ஆனால் என்னால் போகவேண்டாம். காரையும் என்னால் விற்கவேண்டாம். அது லிட்டருக்கு இருபது கொடுக்கிறது. பழைய டைரியில் இருந்த கிலோமீட்டரையும் நீ அலமாரியில் வைத்திருந்த பங்கு பில்களையும் உன் அம்மாவை விட்டு எடுக்கச் சொல்லி நேற்று மாலை போட்டுப் பார்த்தேன். இருபதுக்கு மேல் கொஞ்சம் அதிகமாகத்தான் வருகிறது. விற்றவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அதை நம்புவதற்குத்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு உதவி. ஆறுமுகம் இப்போது மந்தாரக்குப்பம் கடைத்தெரு முனையில் தள்ளுவண்டியில் இளநீர் விற்கிறான். நீயே பல தடவை அவனிடம் வாங்கிக் குடித்திருப்பாய், அவன் யார் என்று தெரியாமல். நான் மட்டும் கடைத்தெருவுக்கு எப்போதும் பின்பக்கச் சந்து வழியாக ஏன் சுற்றிப் போகிறேன் என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாளே, அதற்குக் காரணம் அந்தத் தள்ளுவண்டி. நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த ஒரு சாண் டீசலைப் பற்றி அவனிடம் சொல்லத்தான் நடந்தேன். அந்த முனைக்குப் பத்தடி இருக்கும்போது கால் தானாகச் சந்துப் பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் காலை எனக்குத் தெரியும், எத்தனை தடவை முயன்றாலும் திரும்பும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்குகிறவர் வருவதற்கு முன்னால், வளர்மதி ஒரே ஒரு தடவை அந்தச் சாவியை எடுக்கவேண்டும். நான் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன். நேராகக் கடைத்தெரு முனைக்கு ஓட்டி, தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல். அங்கே தரை சமமாகத்தான் இருக்கிறது, நான் பார்த்து வைத்திருக்கிறேன். நான் இறங்குகிற வரைக்கும் கதவைப் பூட்டாமல், ஆனால் இஞ்சினையும் அணைக்காமல் இருக்கட்டும். நான் இறங்கியதும் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும். கார் அங்கே நின்றால் நான் மறுபடி ஏறி உட்கார்ந்துவிடுவேன். என்னை நம்பாதே.

இப்படிக்கு, இந்த ஒரு தடவை நீ சந்தேகப்படாமல் கேட்கவேண்டிய
உன் அப்பன்